பின்னில் சுற்றிய தகரம்

"அது என்ன சத்தம்?" என்று மாமா கேட்டார்.

நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் இரண்டு தலையணைகளில் சாய்ந்து, சுவரைப் பார்த்தபடி இருந்தார். பக்கவாதம் வந்து பத்து வாரம் ஆகியிருந்தது. அந்தப் பத்து வாரத்தில் அவராக ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"வாசல் கேட்டு மாமா. காத்துல அடிக்குது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் வார்த்தையைத் தேடினார். உதட்டின் வலது பக்கம் சரியாக மூடாது. ஒவ்வொரு சொல்லையும் இடது பக்கமாகத் தள்ளித்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

"கேட்டு... கிறீச்சுனு அழும். இது டொக்."

டிரெய்லரில் கல் ஏதாவது உருண்டிருக்கும் என்றேன். டிரெய்லர் போன வருடத்திலிருந்து காற்றில்லாத சக்கரத்தோடு கொட்டகையில் நிற்கிறதே, அதில் எந்தக் கல் உருளும் என்று கேட்டார். அப்படியென்றால் எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"உனக்குத் தெரியாது. உங்க அத்தைக்குத் தெரியும். அதான் வண்டியை மேட்டுலயே நிறுத்திட்டு நடந்து வர்றா."

நான் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன்.

"இடதா, வலதா?" என்றார்.

"இடது" என்றேன்.

சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. மாமா சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் அது பழைய சிரிப்பு. அத்தை வந்ததும் தன்னிடம் அனுப்பச் சொன்னார். பிறகு சுவரைப் பார்க்கவில்லை. அத்தை வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. அவளுக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. பக்கத்து நகரத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இரண்டு மொழிகளில் தட்டச்சு செய்யும் வேலை எனக்குக் கிடைத்தபோது, அப்பா என்னை அவர்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். "இவ வாயே திறக்க மாட்டா, உங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டில் என் பெயர் அதற்குப் பிறகு அப்படித்தான் நிலைத்தது. யாரும் யாருக்கும் தெரியாமல் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொன்னார்கள்.

மாமாவை ஊரில் எல்லோரும் 'பத்தொன்பது' என்றுதான் சொல்வார்கள். பதினாறு வயதில் டிராக்டர் வாடகைக்கு விடும் ஒரு டெப்போவில் வேலைக்குச் சேர்ந்தவர். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டி, "பத்தொன்பது" என்பார். பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை யாராவது அந்தக் கையில் வைக்க வேண்டும். ஒருநாள் அசந்து தூங்கிப்போனவரைத் தட்டி எழுப்பி, சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டார்களாம். கண்ணைத் திறக்காமல் "பத்தொன்பது" என்றாராம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

டெப்போவை மூடியபோது, ஓடாது என்று ஒதுக்கிய ஒரு வண்டியை அவர் வீட்டுக்கு இழுத்துவந்தார். கொட்டகை போட்டு, ஒரு வருடம் அதோடு மல்லுக்கட்டி, ஓட வைத்தார். ஆனால் அவருக்கு நேராக உழ வராது. அவர் ஓட்டினால் உழவுச் சால் பாம்பு போன தடம் மாதிரி இருக்கும். ஒருநாள் அத்தை பொறுக்க மாட்டாமல், "இறங்குங்க, நான் ஓட்டிக் காட்டுறேன்" என்று ஏறி உட்கார்ந்தாள். கயிறு பிடித்த மாதிரி உழுதாள். அதற்குப் பிறகு சொந்த நிலமோ வாடகை உழவோ, ஓட்டுவது அத்தைதான். பொண்டாட்டியை ஓட்டச் சொல்லிவிட்டு நீ என்னய்யா செய்கிறாய் என்று டீக்கடையில் கேட்டால், மாமா அசரவே மாட்டார்.

"ஓட்டுறது அவ. ஓட வைக்கிறது நான்."

முப்பது வருடக் குடும்பம் இந்த இரண்டு வாக்கியத்தில் நடந்தது.

இனி அந்த டொக் சத்தம் போட்ட இரும்பு ஆணியை, பின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிராக்டரின் பின்புறம் கலப்பையைத் தூக்கி இறக்க இரண்டு இரும்புக் கைகள் உண்டு. லிப்ட் ஆர்ம் என்பார்கள். ஒவ்வொரு கையும், பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் வார்ப்பிரும்பு உடம்பில் கட்டைவிரலை விடத் தடிமனான ஒரு பின்னில் மாட்டியிருக்கும். எங்கள் வண்டியில் இடது பக்கத்துப் பின்னை மாட்டும் துளை தேய்ந்துபோய் வட்டம் முட்டையாகிவிட்டது. பின் அதற்குள் ஆடும். வரப்பு ஓரம் திரும்பும்போது கலப்பையைத் தூக்கினால் 'டொக்' என்று அடிக்கும். ஆட ஆடத் துளை பெரிதாகும். ஒருநாள் பின் நழுவினால் கை கழன்று, கலப்பை பக்கவாட்டில் சுழன்று சக்கரத்தில் மோதும். மேட்டில் ஏறும்போது அப்படி நடந்தால் வண்டி கவிழ்ந்தாலும் ஆச்சரியமில்லை. ஆற்றைத் தாண்டி ஒரு பண்ணையில் அப்படித்தான் ஒருவர் இடுப்பு ஒடிந்து கிடந்தார்.

சரியான வழி, துளையைக் குடைந்து பெரிதாக்கி, உள்ளே புஷ் எனப்படும் எஃகு வளையம் ஒன்றை இறுக்கமாக அடித்து, அதில் பின்னைப் போடுவது. நகரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் லேத்துக்காரர் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மாமா ஒவ்வொரு முறையும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அவரிடம் வேறு வழி இருந்தது. ஒவ்வொரு விதைப்புக்கு முன்பும் பின்னைக் கழற்றுவார். காலி டப்பா ஒன்றிலிருந்து ஒரு துண்டுத் தகரத்தை வெட்டுவார். அதைப் பின்னில் சுற்றி, துளைக்குள் வைத்து, சுத்தியலால் தட்டி இறுக்குவார். பின்னின் உள் நுனியில் இருக்கும் ஓட்டையில் இரும்புக் கம்பியைக் கோத்து முறுக்கிவிடுவார். வெளியே ஒரு நகம் அளவுக்குத் தகரத்தின் விளிம்பு பிதுங்கி நிற்கும். அந்த விதைப்பு முழுக்க சத்தம் இருக்காது. இரண்டு மணி நேர வேலை. அதை முடித்துவிட்டு எழுந்து, பின்புறத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே அத்தையைப் பார்த்து, "மகாராணி, தேர் தயார்" என்பார்.

வேறு யாரும் அந்தப் பின்னைத் தொட்டதில்லை.

பக்கவாதம் கொட்டகையில் வைத்துத்தான் வந்தது. ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது, குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது கொடுத்த தாள்கள் மாமாவுக்குப் படிக்க வராத மொழியில் இருந்தன. மாமா என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். மாத்திரை, உணவு, தினமும் செய்ய வேண்டிய பயிற்சி, வாரம் ஒருமுறை பயிற்சிக்கு வர வேண்டிய நாள், எல்லாவற்றையும் சொன்னேன். வலது கையில் பிடிமானம் திரும்புவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று ஒரு வரி இருந்தது. அதைச் சொல்லவில்லை. மாமா தாளை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். பயிற்சி செய்ய மறுத்தார். ஊட்டினால் வாயைத் திறப்பார், அவ்வளவுதான். இப்படியே படுத்திருந்தால் மனுஷன் கரைந்துபோய்விடுவார் என்று மருத்துவர் அத்தையிடம் தனியாகச் சொன்னார்.

இந்த நிலைமையில்தான் மழை பெய்தது, உழவு தொடங்கியது, அந்த இடது பின்னும் ஆடத் தொடங்கியது. லேத்துக்காரரைக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். அத்தை கூப்பிடவில்லை. மாமாவிடம் சொல்லவுமில்லை. கலப்பையைப் பூப்போலத் தூக்கி இறக்கி ஓட்டிவிட்டு, வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். நான் கேட்டபோது முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அவர்கிட்ட மிச்சம் இருக்கறது அந்தப் பின்னு ஒண்ணுதான். அதையும் இன்னொருத்தன் கையில குடுக்கச் சொல்றியா?"

அந்தச் சத்தம் மாமாவின் காதுக்கு எட்டியதும் நான் 'இடது' என்று சொல்லி மாட்டிக்கொண்டதும் அதற்கு இரண்டு நாள் கழித்து.

அன்று அத்தை வந்ததும், மாமா அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். கலப்பையைக் கழற்றிவிடச் சொன்னார். பிறகு தன்னைப் பிடித்து எழுப்பச் சொன்னார்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் அத்தை.

"தகரம் வெட்டப் போறேன்."

மறுநாள் எனக்கு விடுமுறை. காலையில் அத்தையை ஏதோ உரம் வாங்க வேண்டும் என்று சொல்லி நகரத்துக்கு அனுப்பிவிட்டார். அவள் கண்ணெதிரே செய்ய அவருக்கு விருப்பமில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கொட்டகைவரை என் தோளைப் பிடித்து வந்தார். அதற்கு மேல் என்னைக் கிட்டே விடவில்லை. "நீ அந்தக் கல்லுல உக்காரு மருமகளே. பேசாம இருக்கறது உனக்கு நல்லா வரும்" என்றார்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். பால் பவுடர் டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் கத்தரி பிடித்தார். வலது கை மடியில் கிடந்தது. முதல் துண்டு கோணலாக வந்தது. இரண்டாவதை வெட்டும்போது ஆள்காட்டி விரல் கிழிந்தது. நான் எழுந்தேன். "உக்காரு" என்றார். விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, மூன்றாவது துண்டை வெட்டினார். பிறகு கோணிமேல் ஒருக்களித்துப் படுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வண்டிக்கு அடியில் நகர்ந்தார். பழைய கம்பியை அறுத்துப் பின்னை வெளியே எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு கையால் தகரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அதே கையால் பின்னையும் உள்ளே விட முடியாது. தகரம் விரிந்துகொள்ளும். அவர் தகரத்தை நூலால் கட்டி, முடிச்சைப் பல்லால் இழுத்தார். சுத்தியல் பாதி அடிகள் பின்னில் விழுந்தன, பாதி வேறெங்கோ விழுந்தன. கடைசியில் கம்பியைக் கோத்து, குறட்டால் பிடித்து, இடது கையால் முறுக்கினார். அதற்கே பத்து நிமிடம்.

வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். கண்ணில் மண் விழுந்திருந்தது. மண்ணா, வேறெதுவுமா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அன்று சாப்பாட்டை அவரே இடது கையால் எடுத்துச் சாப்பிட்டார். பாதி சட்டையில்தான் விழுந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

சாயங்காலம் அத்தை உர மூட்டையோடு வந்தாள். மாமா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மகாராணி," என்றார். மீதியைச் சொல்வதற்குள் வாய் குழறியது. அத்தை காத்திருந்தாள். "தேர்... தயார்."

அத்தை ஏறி, வண்டியைக் கிளப்பி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் நான்கு சால் ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கலப்பையை வேண்டுமென்றே படக்கென்று தூக்கினாள். சத்தமே இல்லை. திரும்பி வந்து, "இந்தத் தடவை போன தடவையை விட டைட்டு" என்றாள். மாமா அந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்ளாத மாதிரி கையை அசைத்தார்.

மறுநாள் தூரத்து வயலில், பதினோரு மணிக்குள் தகரம் கசங்கிப் பிதுங்கிவிட்டது. பின் பழையபடி ஆடியது. இதை அத்தை எனக்கு மட்டும் சொன்னாள். மேட்டு நிலம் இன்னும் பாக்கி இருந்தது. அங்கே அந்தப் பின்னோடு ஏற அவளுக்கே பயம் வந்திருந்தது. அதே சமயம் உள்ளே மாமா, யாரும் சொல்லாமலே, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணுவது எங்களுக்குச் சமையலறைவரை கேட்டது. அத்தை அதைக் கேட்டுக்கொண்டே கையில் இருந்த பாத்திரத்தை வெகு நேரம் துலக்கினாள்.

"வியாழக்கிழமை மாமாவை நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ," என்றாள். "போனதும் சட்டுனு வந்துடாதே. எதையாவது சொல்லி, மூணு மணி பஸ்ஸுக்கு வா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

"அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா இந்தக் கட்டிலை விட்டு அவர் எந்திரிக்கவே மாட்டார். உன் வாயில இருந்து வராதுன்னுதான் உன்கிட்ட சொல்றேன்."

வியாழக்கிழமை நான் மாமாவை அழைத்துப்போனேன். பயிற்சி முடிந்ததும் மருந்துக்கடையில் கூட்டம் என்றேன். பிறகு எனக்குத் தலைவலி என்றேன். பேருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். மாமா எதுவும் கேட்கவில்லை. போகிற வருகிற பஸ்களின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, எதற்கு என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். லேத்துக்காரர் துளையிடும் இயந்திரத்தை வேனில் கொண்டுவந்து இறக்கினார். பின்னை உருவியதும், மாமா கடைசியாக வைத்த தகரம் அதோடு வந்தது. துளையைக் குடைந்தபோது, வருடா வருடம் உள்ளே அரைபட்டு ஒட்டிப்போன பழைய தகரங்கள் துணுக்கு துணுக்காக உதிர்ந்தன. ஒன்றில் பிஸ்கட் டப்பாவின் சிவப்பு, ஒன்றில் எந்த வருடத்துப் பெயின்ட் டப்பாவோ, நீலம்.

"இது வண்டியா அக்கா, டப்பாக் கடையா?" என்றாராம் அவர்.

அத்தை சிரிக்கவில்லை. புஷ்ஷை அடித்து, பின்னைப் போட்டு, வேலை முடிந்தது என்று அவர் கருவிகளைத் துடைத்தபோது, மாமாவின் கசங்கிய தகரத்தை எடுத்து நீட்டினாள். இதை அங்கேயே வை என்றாள். இனி அதற்கு அங்கே வேலை இல்லையே என்றார் அவர். வேலை இல்லாவிட்டாலும் இருக்கட்டும் என்றாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தகரத்தின் ஒரு துண்டை நறுக்கி, புஷ்ஷின் முகத்துக்கும் லிப்ட் ஆர்முக்கும் நடுவே இடுக்கில் சொருகினார். நகம் அளவுக்கு விளிம்பு வெளியே தெரிந்தது. கம்பியையும் கொட்டகையில் கிடந்த அதே பழைய சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்தாள். புது உலோகத்தின் பளபளப்பு தெரியாமல் இருக்கப் பழைய கிரீஸை அள்ளித் தன் கையாலேயே பூசினாள். கீழே விழுந்த இரும்புத்தூளைக் கூட்டி அள்ளினாள். வேன் சக்கரத்தின் தடத்தைக்கூட விளக்குமாற்றால் கலைத்தாள்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது கொட்டகை காலையில் இருந்த மாதிரியே இருந்தது. மாமா வீட்டுக்குள் போவதற்கு முன்னால் வண்டியின் பின்புறம் போய், நின்று, குனிந்து பார்த்தார். பிதுங்கி நின்ற தகர விளிம்பை இடது கைக் கட்டைவிரலால் தடவினார். அத்தை சமையலறை ஜன்னலில் நின்றாள்.

"நிக்குதே" என்றார் மாமா.

"நிக்காம என்ன" என்றாள் அத்தை உள்ளிருந்தே. "யாரு வச்ச தகரம்?"

அந்த விதைப்பு முடியும்வரை டொக் சத்தம் கேட்கவே இல்லை. மேட்டு நிலம் முழுவதையும் அத்தை உழுதாள், அதற்கு மேல் நாலைந்து பேருக்கு வாடகை உழவும் ஓட்டினாள். மாமா தினமும் காலையில் கைத்தடியோடு கொட்டகைவரை நடந்தார். ஒரு மாதத்தில் தடியோடு தெருமுனை டீக்கடைவரை போனார். ஒரு கையால் பின் அடித்ததைப் பற்றி அங்கே கேட்டார்கள். அத்தைதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மாமா அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அது ஒரு தகரம்" என்பார், அவ்வளவுதான். யாராவது தங்கள் வண்டியின் கோளாறைச் சொன்னால், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்வார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. சாயங்காலத்தில் அத்தை கியர் போட்ட விதத்தைக் குறை சொல்வார். அவள் பதிலுக்கு அவருடைய பாம்புத் தட உழவை ஞாபகப்படுத்துவாள். கேட்டுக்கொண்டே நான் என் அலுவலகக் காகிதங்களைச் சரிபார்ப்பேன். அந்த வீட்டில் நான் இருந்த நாட்களில் அதுதான் நல்ல காலம்.

அந்த விதைப்பு முடிந்து எட்டு மாதம் இருந்தார். அடுத்த விதைப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது, காலையில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரைச் சரியாகக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தார். இரண்டாவது தாக்குதல். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அத்தை அழவில்லை என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் கொட்டகைக்குப் போய் வண்டியின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். சாவி போடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

மழை வந்ததும் மறுபடி உழப் போனாள். தகரம் இன்னும் அங்கேயே இருந்தது. அதை இனி எடுத்துப் போட்டுவிடலாம், ஏமாற்ற ஆள் இல்லை. ஆனால் அவள் எடுக்கவில்லை. தினமும் கிரீஸ் அடித்த பிறகு, ஒரு துணியால் அந்த விளிம்பை மட்டும் தனியாகத் துடைப்பாள். துடைக்கும்போது, ஒரு காலையில், உள்ளங்கையில் நீளமாகக் கிழித்துக்கொண்டாள். நான்தான் கட்டுப் போட்டேன். அவள் கட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"உங்க மாமா கடிச்சுட்டார்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். அடக்கிவைத்த அத்தனை நாளுக்கும் சேர்த்து அழுதாள். என்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் என்னிடம் கேட்ட ஒரே ஒரு காரியத்தைச் செய்யாமலும் விட்டிருந்தேன். கொட்டகையில் அத்தை இல்லாத நேரமே கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். உண்மை அது இல்லை. கையில் குறடோடு இரண்டு முறை போயிருக்கிறேன். துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்த அந்த விளிம்பைத் தொட எனக்குக் கை வரவில்லை.

அவர் அதைக் கேட்டது, லேத்துக்காரர் வந்துபோன அடுத்த வியாழக்கிழமை, மருத்துவமனையிலிருந்து திரும்பும் பஸ்ஸில். அவருக்கு ஜன்னல் ஓரம் வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாதி வழி வந்ததும், வெளியே பார்த்தபடியே, இன்றைக்குத் தலைவலி இல்லையா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"போன வாரம் இருந்துச்சு. ரெண்டு டீ அளவுக்கு."

நான் மருந்துப் பையின் முடிச்சை அவிழ்த்துக் கட்டினேன்.

"அந்தக் கம்பி," என்றார். கொஞ்சம் நிறுத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "நான் முறுக்கினது இடது கையால. இடது கைக்கு முறுக்கு எதிர்ப்பக்கமா விழும். முப்பது வருஷத்துல அந்த ஒரு தடவைதான் அப்படி விழுந்துச்சு. வந்து பார்த்தா, வலது கை முறுக்கு." தன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "நல்ல வேலைதான். லேத்துக்காரன் கை. நானா இருந்தா நானும் அவனைத்தான் கூப்பிட்டிருப்பேன்."

அத்தைக்கு வேறு வழி தெரியவில்லை மாமா என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் நிறுத்தினார்.

"நீ பொய் சொல்லாதே, உனக்கு வராது. அன்னைக்கு ஆஸ்பத்திரித் தாளைப் படிச்சியே. உன் கண்ணு மூணு வரி போச்சு. வாய் ரெண்டு வரிதான் சொல்லுச்சு. கையைப் பத்தித்தானே?"

ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். வெளியே உழுத நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தார். பஸ் கிளம்பியதும் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம். நான் இருக்கும்போதும், இல்லாதப்பவும். சரியா? இன்னொண்ணு. அந்தத் தகரம் வெளியே நீட்டிட்டு இருக்கு பாரு, என் விரலைக் கிழிச்ச டப்பாத் தகரம் அது. கிரீஸ் வைக்கறது அவதான். அவ இல்லாத நேரமாப் பார்த்து, குறட்டால அந்த நுனியைக் கொஞ்சம் மடக்கி விட்டுடு மருமகளே. எடுத்துடாதே, மடக்கி மட்டும் விடு. குனிஞ்சு ஊனிக்க ஒரு கை, குறடு பிடிக்க ஒரு கை வேணும், என்னால முடியலை."